ஜிஎஸ்டி ரோட்டில் எத்தனை நொடி ஃபுல் பூஸ்ட்? இன்டர்கூலரை மாற்றும் முன் ஒரு கணக்கு

வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்குப் பெருங்களத்தூரிலிருந்து பொத்தேரிக்குக் காரில் போனவர்களுக்குத் தெரியும்: அந்த நேரத்தில் டர்போ காருக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் வேகத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. வண்டலூர் மேம்பாலம், கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று வழி முழுக்க முதல் கியர், இரண்டாவது கியர், பிரேக். இதே கதைதான்.

அப்படி ஒரு மாலையில், கூடுவாஞ்சேரி நெரிசலில் நின்றுகொண்டிருந்தபோதுதான் நண்பன் கேட்டான். "மச்சி, ஃப்ரண்ட் மவுன்ட் இன்டர்கூலர் போட்டுடலாம்னு இருக்கேன். ஸ்டேஜ் 2 ரீமேப்போட சேர்த்துப் பண்ணித் தர்றாங்களாம். வொர்த்தா?"

அவனுடையது 1 லிட்டர் டர்போ பெட்ரோல் கார், 120 பிஎஸ். இஎம்ஐ இன்னும் மூன்று வருஷம் பாக்கி. கேட்ட செலவு கிட்டத்தட்ட ஒரு மாதச் சம்பளம். நான் உடனே பதில் சொல்லவில்லை. அதன் பிறகு படித்ததும் பேனா எடுத்துக் கணக்குப் போட்டதும்தான் இந்தக் கட்டுரை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவில் ஓடுகிற காருக்குப் பெரிய இன்டர்கூலர் தேவையில்லை. ஏன் என்பதுதான் சுவாரஸ்யமான பகுதி.

காற்று ஏன் சுடுகிறது?

சைக்கிளுக்குப் பம்ப் அடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடும், ஞாபகம் இருக்கிறதா? காற்றை அழுத்தினால் அது சூடாகும். டர்போவிலும் நடப்பது அதுதான், வேகம் மட்டும் பல மடங்கு.

35 டிகிரி செல்சியஸ் வெளிக்காற்றை எடுத்துக்கொள்வோம். சென்னைக்கு இது சாதாரணம். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவான ஊர் இது. அந்தக் காற்றை டர்போ 1 பார் பூஸ்ட்டுக்கு, அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல இரண்டு மடங்குக்கு அழுத்துகிறது என்று வையுங்கள். டர்போவின் செயல்திறன் 70 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால், வெளியே வரும் காற்று சுமார் 130 டிகிரி. தண்ணீர் கொதிப்பதைவிட அதிகம்.

சூடான காற்று விரிந்துபோகும். அதே இடத்தில் ஆக்ஸிஜன் குறைவாகத்தான் இருக்கும். அதைவிடப் பெரிய தொல்லை நாக்கிங். ஸ்பார்க் பிளக் முறையாகப் பற்றவைத்த பிறகு, தீ இன்னும் போய்ச் சேராத மூலையில் இருக்கும் பெட்ரோல் கலவை சூடு தாங்காமல் தானாக வெடிப்பது. நாக்கிங்கை உணர்ந்ததும் காரின் இசியு ஸ்பார்க் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளிவிடும். எஞ்சின் தப்பிக்கும், பவர் குறையும். மே மாத மதியத்தில் "வண்டி இழுக்கலையே" என்று தோன்றுவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

டர்போவுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உட்கார்ந்து இந்தக் காற்றைக் குளிர்விப்பதுதான் இன்டர்கூலர். 70 சதவீத வேலை செய்யும் ஒரு இன்டர்கூலர் 130 டிகிரியை 64 வரை இறக்கிவிடும். அதே அழுத்தத்தில் 20 சதவீதம் கூடுதல் காற்று எஞ்சினுக்குள் போகும். இது பெரிய லாபம். ஆனால் அந்த லாபத்தை உங்கள் கார் ஏற்கெனவே வாங்கிவிட்டது. கம்பெனி இன்டர்கூலருடன்தான் கார் வந்திருக்கிறது. நண்பன் கேட்கும் கேள்வி, 64-ஐ 54 ஆக்கலாமா என்பது.

அந்தப் பத்து டிகிரிக்குக் கிடைப்பது 3 சதவீதம் காற்று. 120 பிஎஸ் எஞ்சினில் மூன்றரை குதிரை. அதுவும் முழுதாகக் கைக்கு வராது. புதிய இன்டர்கூலரின் உள்வழி நெருக்கமாக இருந்து, அதில் 0.05 பார் அழுத்தம் கூடுதலாகத் தொலைந்தால், 2.5 சதவீதம் அங்கேயே போச்சு. ஒரு மாதச் சம்பளம் கொடுத்து வாங்கியது அரை சதவீதம்!

"ஆனா டைனோ ஷீட்ல 15 குதிரை கூடுதுன்னு காட்டுறாங்களே?" காட்டுவார்கள். பெரும்பாலும் அது ரீமேப்பும் இன்டர்கூலரும் சேர்ந்த கணக்கு. இன்னொன்று, டைனோவில் கார் நகர்வதில்லை, முன்னால் ஒரு ஃபேன் ஓடும், அவ்வளவுதான். ஒன்றன்பின் ஒன்றாக நாலு முறை முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தால் கம்பெனி இன்டர்கூலர் சூடேறித் தளர்ந்துவிடும், பெரியது தாக்குப்பிடிக்கும். அந்த வித்தியாசம் உண்மையானது. ஆனால் உங்கள் தினசரி ஓட்டத்தில் அந்த நிலைமை வருகிறதா?

மூன்று இடம், மூன்று குணம்

இன்டர்கூலரை எங்கே வைப்பது என்பதில் கார் ரசிகர்களுக்குள் பல வருடச் சண்டை உண்டு. சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் எஞ்சினுக்கு மேலேயே வைத்து, பானெட்டில் மூக்கு மாதிரி ஒரு ஓட்டை போட்டது. மிட்சுபிஷி லேன்சர் எவல்யூஷன் பம்பருக்குப் பின்னால், முகத்துக்கு நேராக வைத்தது. (திருவள்ளூர் ஆலையில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த லேன்சர் டர்போ இல்லாத அமைதியான பிள்ளை. ஆனாலும் அதற்கு எவோ பம்பர் மாட்டிய ஆட்கள் நம்மூரில் நிறைய.)

மேலே வைத்தால் பைப் நீளம் குறைவு, அடக்கமான வேலை. நம் சாலையில் பழைய டொயோட்டா ஃபார்ச்சூனர் 3.0 டீசலின் பானெட்டில் பார்த்திருப்பீர்களே, அந்த மூக்கு இதற்குத்தான். சிக்கல் என்னவென்றால் கீழே எஞ்சின் அடுப்பு மாதிரி எரிகிறது. கார் நின்றால் மூக்குக்குள் காற்று வராது, கீழிருந்து சூடு மட்டும் ஏறும். ஹீட் சோக் என்கிறார்கள். கிளாம்பாக்கத்தில் பதினைந்து நிமிடம் நின்ற மேல்மவுன்ட் இன்டர்கூலர், கொஞ்ச நேரத்துக்குக் காற்றைக் குளிர்விப்பதற்குப் பதில் சூடாக்கவே செய்யலாம்.

முன்னால் வைப்பதுதான் ஃப்ரண்ட் மவுன்ட், நண்பன் ஆசைப்பட்டது. கார் ஓடும்போது இதைவிடச் சிறந்த இடமே கிடையாது. பைப் நீளமாகிவிடும், அதனால் டர்போ லேக் கூடும் என்று பயமுறுத்துவார்கள். அது கொஞ்சம் மிகை. கூடுதலாக 5 லிட்டர் கொள்ளளவு என்று வைத்துக்கொண்டாலும், 1.5 லிட்டர் எஞ்சின் 3,000 ஆர்பிஎம்-ல் நொடிக்கு 35 லிட்டருக்கு மேல் காற்றை இழுக்கிறது. தாமதம் நொடியில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான். உண்மையான தொல்லை வேறு: ஏசி. பெரிய இன்டர்கூலர் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் முன்னால் நந்தி மாதிரி நிற்கும். சிக்னலில் நிற்கும்போது அந்த இரண்டுக்கும் ஃபேன் இழுக்கும் காற்றுதான் கதி. அதிலும் பங்கு போனால், மே மாதத்தில் பின் சீட்டில் இருக்கும் அம்மா முதலில் கண்டுபிடித்துவிடுவார்: "என்னடா, ஏசி வரவே மாட்டேங்குது?" எந்த டைனோ ஷீட்டிலும் இந்தக் கோடு இருக்காது.

மூன்றாவது, தண்ணீர் வழி. காற்றின் சூட்டைக் கூலன்ட் வாங்கிக்கொண்டு, முன்னால் இருக்கும் தனிச் சின்ன ரேடியேட்டரில் கொண்டுபோய்க் கொட்டும். புதுசு இல்லை, ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் 61 எஞ்சினிலேயே இருந்தது. ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடாவின் 1.0 டிஎஸ்ஐ வைத்திருப்பவர்கள் கவனிக்க: உங்களுடையது இந்த வகைதான். இன்டர்கூலர் இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே இருக்கிறது. ஹூண்டாயின் 1.0 டர்போவில் இருப்பது காற்றுக்குக் காற்று வகை.

எடைக்கு எடை தண்ணீர் காற்றைவிட நாலு மடங்கு சூட்டை வாங்கும். அதனால் சின்ன ஆட்டத்துக்கு இதுதான் ராஜா. கால் மைல் டிராக் ரேஸ் ஓடுபவர்கள் டேங்கில் ஐஸ் கட்டியே போடுவார்கள். ஆனால் நீண்ட நேரம் அடித்தால் தண்ணீரும் சூடேறிவிடும், ஏறிய சூடு இறங்கவும் நேரமெடுக்கும். பம்ப் ஒன்று, ஹோஸ் நாலு, ஏர் லாக் என்று கெட்டுப்போக இடங்களும் அதிகம். டிஎஸ்ஐ காரில் மேனிஃபோல்டுக்குள் இருக்கும் கூலரை மட்டும் பெரிதாக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், "முன்னாடி இருக்கிற ரேடியேட்டர் அதே சைஸ்தானே? சூடு எங்க போகும்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

சரி, எத்தனை நொடி?

எனக்கு இந்த விஷயத்தில் தெளிவு வந்தது இந்தக் கேள்வியில்தான். பொத்தேரியிலிருந்து தாம்பரம் போய் வரும் ஒரு நாளில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து ஃபுல் பூஸ்ட்டில் எத்தனை நொடி ஓட்டுகிறோம்? நேர்மையாகச் சொன்னால், ஒரு லாரியை ஓவர்டேக் செய்ய ஒரு எட்டு நொடி. அப்படி இரண்டு மூன்று முறை. மற்ற நேரமெல்லாம் டர்போ பாதித் தூக்கத்தில் இருக்கிறது. அது அழுத்தாத காற்று சூடாவதும் இல்லை.

120 பிஎஸ் எஞ்சின் முழு மூச்சில் ஓடும்போது இன்டர்கூலர் வெளியேற்ற வேண்டிய சூடு ஏறக்குறைய 6 கிலோவாட். வீட்டு பாத்ரூமில் இருக்கும் 2 கிலோவாட் கீசர் மூன்று ஒரே நேரத்தில் ஓடுகிற மாதிரி. கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் எட்டு நொடிக்கு மட்டும் என்றால்? இன்டர்கூலரில் 3 கிலோ அலுமினியம் இருக்கிறது என்று வையுங்கள். வெளிக்காற்று துளிகூடப் படாவிட்டாலும் அந்த உலோகம் மட்டுமே அத்தனை சூட்டையும் விழுங்கிக்கொண்டு 18 டிகிரிதான் ஏறும். அடுத்த ஓவர்டேக் வருவதற்குள் ஆறியும் விடும். கம்பெனி இன்ஜினீயர்கள் சின்ன இன்டர்கூலர் வைப்பது கஞ்சத்தனத்தால் மட்டும் இல்லை. நாம் எப்படி ஓட்டுகிறோம் என்பது நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதில் சிலர் சிங்கப்பெருமாள்கோவில் தாண்டி, மஹிந்திரா சிட்டியில் இருக்கும் மஹிந்திரா ரிசர்ச் வேலிக்கு இதே ஜிஎஸ்டி ரோட்டில்தான் தினமும் போய் வருகிறார்கள்! 2013-ல் ஈகோஸ்போர்ட்டின் 1.0 ஈகோபூஸ்ட் மூலம் பலருக்குச் சின்ன டர்போ பெட்ரோலை அறிமுகப்படுத்திய ஃபோர்டு ஆலையும் இந்த வழியில், மறைமலை நகரில்தான் இருக்கிறது.

எட்டு நொடி எட்டு நிமிடமானால் கதை மாறும். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் 3.7 கிலோமீட்டர் சுற்றை இடைவிடாமல் ஆறேழு முறை ஓட்டினால், உலோகம் விழுங்கும் வேலை முதல் சுற்றிலேயே முடிந்துவிடும். அதன் பிறகு எவ்வளவு காற்று எவ்வளவு பரப்பில் படுகிறது என்பதுதான் கணக்கு. அங்கே காற்றுக்குக் காற்று வகையில் பெரியதாக ஒன்று, முன்னால், கண்ணை மூடிக்கொண்டு போடலாம். ஆனாலும் பம்பரை அறுத்துப் போடும் ராட்சத கிட்டைவிட, கம்பெனி இடத்திலேயே பொருந்தும், தடிமன் கொஞ்சம் கூடிய ஒன்றைத்தான் நான் சொல்வேன். கண்டென்சருக்கு வழி மிஞ்சும், கம்பெனி ஹோஸ்களே போதும்.

பலர் யோசிக்காத இன்னொரு இடம், மலைப்பாதை. ஐந்து பேர், டிக்கி நிறைய பை, 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலை. எஞ்சினுக்கு வேலை அதிகம், காரின் வேகமோ முப்பது, நாற்பது. முகத்தில் காற்றே அடிக்காது. இன்டர்கூலருக்கு டிராக்கைவிட இது கடினமான பரீட்சை என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அதற்காக யாரும் ஸ்டேஜ் 2 போடுவதில்லை, கொஞ்சம் நிதானமாக ஏறுவார்கள்.

பொத்தேரி மாணவர்களிடம் கேட்டிருக்கலாம்

பொத்தேரி ஸ்டேஷனை ஒட்டிய எஸ்ஆர்எம் வளாகத்தில் ஃபார்முலா ஸ்டூடன்ட் கார் கட்டும் மாணவர் அணி இருக்கிறது. இந்தப் போட்டியின் விதிகளைப் படித்தபோது எனக்கு ஒரு விஷயம் பிடித்தது. எஞ்சின் 710 சிசி-க்கு மேல் கூடாது. பெட்ரோல் என்றால் எஞ்சினுக்குப் போகும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே துளை வழியாகத்தான் போக வேண்டும். ஏறக்குறைய ஒரு ரூபாய் நாணயத்தின் அளவுதான். டர்போ போடலாம், இன்டர்கூலரும் போடலாம். ஆனால் சூட்டை வெளியேற்ற வெளிக்காற்றை மட்டுமே பயன்படுத்தலாம். ஐஸ் கட்டி வித்தை செல்லாது.

அந்தத் துளை ஒரு அளவுக்கு மேல் காற்றை விடவே விடாது. எனவே எவ்வளவு பெரிய இன்டர்கூலர் வைத்தாலும் அந்த உச்சவரம்பைத் தாண்டிக் காற்று வராது. அங்கே அதன் வேலை நாக்கிங்கைத் தடுப்பது மட்டும்தான். அதனால் சின்னதாக, எடை குறைவாக வைப்பதே புத்திசாலித்தனம். நம் காரிலும் ஒரு துளை உண்டு. சின்ன டர்போ, அல்லது பெட்ரோல் பம்ப், அல்லது கிளட்ச். ஸ்டேஜ் 2 டார்க்கைத் தாங்காமல் கிளட்ச் வழுக்கினால், குளிர்ந்த காற்றை வைத்து என்ன செய்வது? எது முதலில் தடுக்கிறது என்று தெரியாமல் இன்டர்கூலர் வாங்குவது, தொண்டை வலிக்குக் கண்ணாடி போடுகிற மாதிரி.

ஆர்டிஓ, இன்ஷூரன்ஸ்

இதையும் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். "ஆர்சி புக்ல இன்டர்கூலர்னு ஒரு காலமே இல்லையே பாஸ்" என்று வாதம் செய்பவர்கள் உண்டு. வாதம் செய்யலாம். ஆனால் விபத்துக்குப் பிறகு வரும் இன்ஷூரன்ஸ் சர்வேயரிடமும், எஞ்சின் போன பிறகு வாரன்டி கவுன்டரிலும் அந்த வாதம் எவ்வளவு தூரம் நிற்கும் என்று யோசியுங்கள். இஎம்ஐ மட்டும் நிற்காது.

இன்னொன்று, கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். இந்த பவரை எல்லாம் எங்கே காட்டப்போகிறோம்? இரவு பதினொரு மணிக்கு மேல் ஜிஎஸ்டி ரோடு காலியாகும்போதுதானே? அதே நேரத்தில்தான் கடைசி ரயில்களில் வந்து இறங்கும் ஆட்களும், டீ குடிக்க வெளியே வரும் ஹாஸ்டல் பசங்களும் பொத்தேரியில் ரோட்டைக் கடக்கிறார்கள். ஆசை இருந்தால் வண்டலூரில் அவுட்டர் ரிங் ரோடு ஏறி, நசரத்பேட்டையில் பெங்களூரு நெடுஞ்சாலைக்குத் திரும்பினால் இருங்காட்டுக்கோட்டை வந்துவிடும். டிராக் டே நடக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள். அங்கே எதிரில் யாரும் வர மாட்டார்கள்.

முதலில் செய்ய வேண்டியது

செலவு செய்தே ஆக வேண்டும் என்றால், முதலில் ஒரு ப்ளூடூத் ஓபிடி டாங்கிள் வாங்குங்கள். இன்டேக் காற்றின் வெப்பநிலையை மொபைலில் பார்க்கலாம். சில கார்களில் டர்போவுக்கு முன்னால் ஒன்று, இன்டர்கூலருக்குப் பின்னால் ஒன்று என இரண்டு சென்சார் இருக்கும். பின்னால் இருப்பதுதான் வேண்டும். ஓட்டும்போது நீங்கள் பார்க்காதீர்கள், பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். சிக்னலில் நின்று கிளம்பும்போது எவ்வளவு, ஒரு நீளமான ஓவர்டேக் முடியும்போது எவ்வளவு, அது திரும்ப இறங்க எத்தனை நொடி. உச்சத்தில் தொடும் எண்ணைவிட இந்தக் கடைசி எண்தான் முக்கியம். அரை நிமிடத்தில் மறுபடி பழைய நிலைக்கு வந்துவிட்டால், உங்கள் இன்டர்கூலருக்கு உங்களிடம் எந்தக் குறையும் இல்லை. ஏறிய எண் இறங்காமலே நின்றால், பெரியது வாங்கும் முன் இருப்பதைப் பாருங்கள்: ஃபின்களில் பூச்சியும் மண்ணும் அடைத்திருக்கும், ஹோஸ் கிளிப் தளர்ந்து காற்று கசியும், தண்ணீர் வகை என்றால் கூலன்ட் குறைந்திருக்கும். பிரஷர் வாட்டரை ரொம்பப் பக்கத்தில் வைத்து அடித்தால் ஃபின் மடங்கிவிடும் என்பதையும் வாஷிங்கில் சொல்லிவிடுங்கள்.

நண்பனின் காரில் கீழ் கிரில்லை எட்டிப் பார்த்தோம். காய்ந்த இலை, ஒரு பாலிதீன் பை, பாதி பிஸ்கட் கவர். எடுத்துப் போட்டோம். ஃப்ரண்ட் மவுன்ட் ஆசை இன்னும் முழுசாகப் போகவில்லை. "ஏலகிரி போய் ரீடிங் எடுத்துட்டு முடிவு பண்ணலாம் மச்சி" என்கிறான். டாங்கிள் என்னுடையது, பெட்ரோல் அவனுடையது என்று பேசி வைத்திருக்கிறோம்.